அத்தையின் விருதும் வளவில் ஒரு மாலையும்

என் அத்தையின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்குச் சென்ற ஆண்டு ஓர் இலக்கிய அமைப்பு விருது அளித்தது. விருது விழாவுக்குக் குடும்பத்திலிருந்து மூன்று பேர்தான் போக முடிந்தது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று அளந்து நடந்த விழா அது. அத்தை மேடையேறிப் பொன்னாடையையும் கேடயத்தையும் பெற்றுக்கொண்டு இறங்கினார். தன் நூலிலிருந்து ஒரு வரிகூட வாசிக்க நேரம் கிடைக்கவில்லை. என் அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. அக்காவின் கதையை அக்காவின் குரலிலேயே, பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு நாளை நடத்துவதற்காக நாங்கள் எடுத்த இடம் செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்று. இதே போன்ற எண்ணத்தோடு இடம் தேடுகிறவர்களுக்கு உதவும் என்பதால், அந்த வீட்டில் ஒன்றரை நாள் இருந்து கண்டதை விரிவாகவே எழுதுகிறேன். சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் வீட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்துவிடுகிறேன். காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் இடைப்பட்ட பகுதி என்ற அளவில் தெரிந்தால் போதும். விடுதியாக மாறியிருக்கும் இத்தகைய வீடுகள் பலவற்றுக்கும் இங்கே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

மதுரையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே குளிரூட்டப்பட்ட மண்டபங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளிப் போனதற்குக் காரணம் அத்தையின் கதைகள்தான். அவர் 27 ஆண்டுகள் தேவகோட்டைப் பக்கத்தில் தமிழாசிரியராக இருந்தவர். தொகுப்பிலுள்ள 14 கதைகளில் 9 கதைகள் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வீடுகளின் பின்கட்டில் நடப்பவை. அடுப்படியில் வெந்து சமைத்தவர்கள், வெண்கலப் பாத்திரங்களைப் புளிபோட்டுத் துலக்கியவர்கள், கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, கணவர் கடல் கடந்து போனபின் கடிதத்துக்காகக் காத்திருந்த பெண்கள், பூட்டிய வீட்டின் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு வாசலிலேயே முதுமையடைந்த காவல்காரர் என்று அக்கதைகளின் மாந்தர்கள் எல்லோரும் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பற்றிய கதையை வேறெங்கோ ஒரு மண்டபத்தில் வாசிப்பதைவிட, அவர்கள் நடமாடியதைப் போன்ற ஒரு வீட்டிலேயே வாசிப்பது முறை என்று எங்களுக்குத் தோன்றியது.

இடம் பற்றிய விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் வீடு இது. முகப்பில் நின்று பார்த்தால் நிலைவாசல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே போய், பின்வாசலின் வெளிச்சம் ஒரு தாள் அகலத்துக்குத் தெரிகிறது. முகப்பின் திண்ணைகளைக் கடந்தால் பெரிய கூடம். அதற்கப்பால் நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தூண்கள் நிற்கும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். பிறகு பந்தி பரிமாறும் இரண்டாம் கட்டு. கடைசியில் அடுப்படியும் கிணறும். தாழ்வாரத்து அறைகளில் ஒன்பதைத் தங்குவதற்கு ஏற்றவாறு மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் 62 பேர். மூத்தவர்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களும் இந்த அறைகளில் தங்க, மற்றவர்கள் காரைக்குடியில் தங்கினோம். சென்னை உறவினர்கள் பல்லவன் விரைவு ரயிலில் முந்தைய இரவே காரைக்குடியில் வந்து இறங்கிவிட்டதால் காலையில் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. வாடகை, மதுரை மண்டபத்தில் கேட்டதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு; உணவு தனி.

இந்த வாடகையை அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே வீட்டில் இன்று பல புள்ளிகளுக்கு, அதாவது மணமான குடும்பங்களுக்கு, பங்கு இருக்கிறது. பங்காளிகள் உலகெங்கும் பரவியிருக்க, ஓடு மாற்றவும் சுவர் பூசவும் பணம் திரட்டுவதே பெரும்பாடாகி, பல வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றின் தூண்களையும் நிலைகளையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014-ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் பட்டியல் எந்த வீட்டின் கூரையையும் தாங்கிப் பிடிப்பதில்லை. விசேஷங்களுக்கு வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் வீட்டை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு நாம் கொடுப்பது நியாயமான தொகை என்றே நினைக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நிகழ்ச்சி கெட்டுவிடுமோ என்று கலங்கிய எங்களுக்கு, அந்த மழையே வீட்டின் அருமையைக் காட்டியது. நான்கு பக்கச் சரிவிலும் அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டோடுகளின் வழியே தண்ணீர் வந்து, வளவின் நான்கு விளிம்புகளிலும் ஒரே நேரத்தில் கம்பி கம்பியாக இறங்கியது. முதலில் ஓட்டின் தூசியைக் கழுவிக்கொண்டு செம்பழுப்பாக விழுந்த தண்ணீர், கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. அதற்காகவே காத்திருந்த பணியாள் ஒருவர் இரண்டு பித்தளை அண்டாக்களைக் கொண்டுவந்து மூலையில் வைத்தார். மீதித் தண்ணீர் கல்பாவிய வளவின் ஓரமாக ஓடி ஒரு மூலைத் துளைக்குள் சத்தமின்றி மறைந்தது. மழை விட்ட அரை மணி நேரத்தில் தரையில் தேங்கிய நீர் ஒரு குவளை அளவுகூட இல்லை. அத்தை தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மழைநீரைப் பிடித்து வைப்பதைப் பற்றி அவர் கதையொன்றில் எழுதியிருக்கும் பத்தியை, நகரத்திலேயே வளர்ந்த நாங்கள் வர்ணனை என்றுதான் அதுவரை படித்திருந்தோம்.

மழையோடு ஓர் எச்சரிக்கையும் சேர்கிறது. இந்த வீட்டின் தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கற்கள் பதித்திருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்யும் கல் அது. அதன் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது; மனிதர் நடக்க நடக்க மெருகும் ஏறும். அத்தகைய தரையில் சாரல் பட்டால் முதியவர்களுக்கு ஆபத்து. வீட்டார் உடனே கோரைப்பாய்களை விரித்து வழி அமைத்துக் கொடுத்தார்கள். கேட்காமலே செய்தார்கள் என்பதைப் பாராட்டியாக வேண்டும். இருந்தாலும் மழைக்காலத்தில் நிகழ்ச்சி வைப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துவருகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிலைப்படியும் தாண்டிப் போகும் உயரத்தில் இருக்கிறது. கழிப்பறைகளில் நான்கு மட்டுமே படி ஏறாமல் போகக்கூடியவை. சக்கர நாற்காலி நுழையக்கூடியது ஒன்றுகூட இல்லை. 81 வயதான எங்கள் சின்னத் தாத்தாவை ஒவ்வொரு முறையும் இருவர் பிடித்து அழைத்துப் போனோம். அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் சரிவுப் பலகை ஒன்று வைக்க இயலாத இடமாக எனக்குத் தோன்றவில்லை.

பத்து மணிக்கு வீட்டைச் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டி வந்தார். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி என்று பொருள்கள் வந்த நாடுகளை அவர் மனப்பாடமாகச் சொன்னார். சுவர்ப்பூச்சைப் பற்றிச் சொன்ன பகுதிதான் சிறப்பாக இருந்தது. சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. கன்னத்தை வைத்துப் பார்த்த என் தங்கையின் மகள் பானையைத் தொட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாம் கட்டோடு வழிகாட்டி நின்றுவிட்டார். அதற்குப் பின்னால் வேலைக்காரர்கள் புழங்கிய பகுதிதான், பார்க்க ஒன்றுமில்லை என்றார். அத்தை கோபப்படவில்லை. "எனக்கு அதைத்தான் தம்பி பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

அங்கே பார்க்க நிறையவே இருந்தது. மாவு அரைத்து அரைத்துக் குழிந்த ஆட்டுக்கல் ஒரு வரிசை, உலக்கைத் தழும்பேறிய உரல், புகை படிந்து கருத்துப்போன உத்தரம், கிணற்றுக் கல்லில் கயிறு உரசி விழுந்த பள்ளங்கள். வீட்டைக் கட்டிய செட்டியாரின் பெயரும் ஆண்டும் முகப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பள்ளத்தை உண்டாக்கிய கைகளைப் பற்றி எந்தப் பலகையும் இல்லை. நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியையும் வழிகாட்டியின் சுற்றில் சேர்க்க வேண்டும் என்பது இந்த மதிப்புரையின் வழியே நான் வைக்கும் முதன்மையான கோரிக்கை. கட்டடத்தின் பெருமையில் பாதியைத்தான் இப்போது அவர்கள் காட்டுகிறார்கள்.

உணவைப் பற்றி நிறைவோடு எழுதலாம். காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும், இடியாப்பமும் கத்தரிக்காய்க் கோசமல்லியும் போட்டார்கள். வெள்ளைப் பணியாரம் எளிமையாகத் தோன்றினாலும் கைப்பக்குவம் கேட்பது. பச்சரிசியை அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, சேர்த்து ஊறவைத்து நைசாக அரைக்க வேண்டும். எண்ணெயில் ஒரு கரண்டி மாவை ஊற்றியதும் அது தானாக வட்டமாகி மேலெழும்ப வேண்டும். சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். சமையல்காரம்மா ஒவ்வொன்றாகத்தான் ஊற்றினார். 62 பேருக்கும் சூடாக வந்து சேர்ந்ததை நினைத்தால் அவர் அதிகாலை எப்போது அடுப்பைப் பற்றவைத்திருப்பார் என்று வியப்பாக இருக்கிறது. மதியப் பந்தியில் வெண்டைக்காய் மண்டி எல்லோராலும் மறுமுறை கேட்டு வாங்கப்பட்டது. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்துச் செய்யும் மண்டியை அத்தை ஒரு வாய் உண்டுவிட்டு, "ரெண்டாம் கழனிதானே?" என்று கேட்டார். "முதல் தண்ணி அழுக்கு, மூணாவதுல சத்தில்லை, டீச்சரம்மா" என்றார் சமையல்காரம்மா. அதன்பின் இருவரும் பந்தி முடியும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். இனிப்புக்கு வைத்த கறுப்பு நிறக் கவுனி அரிசி மட்டும் சற்றே வேகாமல் இருந்தது. அது நன்றாக ஊறாமல் அடுப்பேறினால் எவ்வளவு நேரம் வைத்தாலும் நறுக்கென்றுதான் இருக்கும்.

மாலை நிகழ்ச்சியை முன்கூடத்தில் வைத்ததுதான் நாங்கள் செய்த தவறு. உயரமான கூரை, மெருகேற்றிய சுவர், சலவைக்கல் தரை என்று எல்லாப் பக்கமும் ஒலியைத் திருப்பி அனுப்பும் கூடம் அது. வெளியிலிருந்து வரவழைத்த ஒலிபெருக்கிக்காரர் திருமணத்துக்கு வைக்கும் பெரிய பெட்டிகளை இரண்டு மூலைகளிலும் வைத்துவிட்டார். அப்பா வரவேற்புரையைத் தொடங்கிய ஒரு நிமிடத்திலேயே ஒரு சொல் முடிவதற்குள் முந்தைய சொல் திரும்பி வந்து மோதியது. பின்வரிசைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதே கூடத்தில் எத்தனையோ நிகழ்ச்சிகளை நடத்தியிருக்கும் வீட்டார், கூட்டம் எங்கே வைத்தால் பேச்சு கேட்கும் என்பதை முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும். முன்கூடம் படத்துக்கு அழகாக இருக்கும் என்று மட்டும்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

வளவுக்குப் போய்விடலாம் என்று அத்தைதான் சொன்னார். பணியாளர்கள் பத்து நிமிடத்தில் தாழ்வாரத்தின் மூன்று பக்கமும் சமுக்காளம் விரித்து, முதியவர்களுக்கு நாற்காலி போட்டு, நான்காம் பக்கத்தை வாசிப்பவருக்கு விட்டார்கள். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டோம். நடுவில் திறந்த வானம் இருப்பதால் அங்கே எதிரொலி கூடுவதில்லை. சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். யாரும் வாசிப்பவரிடமிருந்து முப்பது அடிக்கு மேல் தள்ளி இல்லை. முப்பது பேர் வகுப்பில் 27 ஆண்டுகள் பாடம் எடுத்த குரலுக்கு அதுவே பொருத்தமான இடம்.

அப்பா விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசினார். அந்த மண்ணுக்கும் தமிழ் எழுத்துக்கும் உள்ள உறவை அவர் எடுத்துச் சொன்னது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. 1919-இல் பாரதியார் கானாடுகாத்தானுக்கு வந்து வயி.சு. சண்முகனார் வீட்டில் தங்கியதையும், காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தாரை வாழ்த்திப் பாடியதையும் சொன்னார். சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதையும், இராயவரம் என்ற ஒரே ஊரிலிருந்து அழ. வள்ளியப்பாவும் பதிப்பாளர் சக்தி வை. கோவிந்தனும் வந்ததையும் சொன்னார். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன என்று சொன்னபோது, கல்லூரியில் படிக்கும் என் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த நூலகத்துக்கு அவன் போயிருக்கிறான், ஆனால் அது இந்தப் பக்கத்து வீடொன்றில் தொடங்கியது என்பது அவனுக்குத் தெரியாது.

பிறகு அத்தை வாசித்தார். நான்கு பக்கக் கதை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபின் அங்கிருந்து கால்நடையாகத் திரும்பியவர்களில் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்க, அடையாளம் தெரியாமல் அவருக்குக் கஞ்சி ஊற்றும் சமையற்காரப் பெண்ணைப் பற்றியது. அத்தை தலையைத் தூக்காமல், கையில் வைத்திருந்த பென்சிலால் வரிகளுக்கு அடியில் நகர்த்திக்கொண்டே, வகுப்பில் வாசிப்பது போலவே வாசித்தார். கதையில் நிலைப்படி என்று வந்தபோது எங்கள் கண்கள் தாமாகவே அந்த நிலைப்படிக்குப் போயின. இரண்டாம் கட்டின் வாசலில் சமையல்காரம்மாவும் உதவிக்கு வந்திருந்த இரு பெண்களும் முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் சிறிது நேரம் யாரும் கைதட்டவில்லை. சின்னத் தாத்தாதான் முதலில் தட்டினார். விருது விழாவில் அளித்த கேடயத்தை மேசையில் வைத்திருந்தோம். அன்று மாலை அதை யாரும் கவனித்ததாக எனக்கு நினைவில்லை.

அறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுத்தமான விரிப்பு, நல்ல வெந்நீர், கனத்த கதவுகள். சன்னல்கள் சிறியவை என்பதால் இருட்டாக இருக்கும். அந்த இருட்டுதான் பகலில் குளிர்ச்சியைத் தருகிறது. சுவரில் ஆணி அடிக்கவும் ஒட்டும் நாடா போடவும் தடை இருக்கிறது, அது மிகவும் சரி. பதாகைக்கு மரச்சட்டம் ஒன்றை அவர்களே தந்தார்கள்.

கணக்கு முடிக்கும்போது ஒரு மனத்தாங்கல் ஏற்பட்டது. முன்பதிவின்போது சொல்லப்படாத மின்னாக்கிச் செலவும் துப்புரவுக் கட்டணமும் பில்லில் இருந்தன. மின்சாரம் அன்று ஒரு முறைதான் போனது, அதுவும் சில நிமிடங்கள். மேலாளரிடம் கேட்டதும் மின்னாக்கிச் செலவைக் குறைத்துக்கொண்டார். துப்புரவுக் கட்டணத்தைக் குறைக்கவில்லை. தொகை பெரிதல்ல. ஆனால் இவ்வளவு அன்பாக நடத்திய ஓர் இடத்திலிருந்து கிளம்பும்போது பில்லைப் பிடித்துக்கொண்டு பேரம் பேச நேர்ந்தது வருத்தமாக இருந்தது. முன்பதிவு செய்பவர்கள் எல்லாக் கட்டணங்களையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுபது பேருக்கு உட்பட்ட கூட்டம், வாசிப்பு, பேச்சு, பந்தி என்று நினைப்பவர்களுக்கு இத்தகைய வீட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நூறுக்கு மேல் போனால் வளவு கொள்ளாது. முன்கூடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும், அங்கே பேச்சு எடுபடாது. சித்திரை, வைகாசி வெயிலில் தாழ்வாரம் தாங்கினாலும் பிற்பகலில் வளவின் கல் கொதிக்கும். முகூர்த்த நாள்களில் இடம் கிடைப்பது அரிது என்பதால் வார நடுநாளைக் கேட்பது நல்லது. அத்தையின் அடுத்த தொகுப்பு அச்சில் இருக்கிறது. தை மாதத்தில் ஒரு புதன்கிழமையை அதே வீட்டில் அப்பா இப்போதே கேட்டு வைத்திருக்கிறார், வளவோடு அடுப்படிப் பக்கத்தையும் சேர்த்து.